அப்பா போய்வந்த லைன்

சனி, செங்கோட்டை

எங்கப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். இந்த வருஷம் மாசியில் இறந்துபோனார். எழுபத்தைந்து வயது, தூக்கத்திலேயே போய்விட்டார், அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எடுக்கிற அன்றைக்கு வந்த கூட்டம் இருக்கிறதே, மதுரையில் எங்கள் தெருவுக்கே அது ஆச்சரியம், யாராவது கட்சிக்காரர் வீடா என்று ஒரு ஆட்டோக்காரர் விசாரித்துவிட்டுப் போனாராம். வந்த எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: தங்கமான மனுஷன். சாயங்காலத்துக்குள் எனக்கு அது சலித்துவிட்டது. யார் போனாலும் அதைத்தானே சொல்கிறார்கள். எங்கப்பா ஒளித்து வைத்துப் பீடி குடிப்பார், கடன் கொடுத்துவிட்டு வீட்டில் மூச்சு விடமாட்டார், ஒரே கதையை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிச் சொல்லுவார். அந்த ஆளைப் பற்றி யாராவது பேசமாட்டார்களா என்று இருந்தது.

பதினாறு கழிந்து அலமாரியை ஒழித்தபோது ஒரு பாக்கெட் டைரி கிடைத்தது. அதில் ஆட்கள் பெயரே கிடையாது, ஊரும் ஒரு அடையாளமும்தான். "தென்மலை – டீக்கடை." "கல்லிடை – சீட்டு." "தங்கச்சிமடம் – பாலம்." சிலதுக்குப் பக்கத்தில் போன் நம்பர், பலதுக்கு அதுவும் இல்லை. இதில் எத்தனை பேருக்குத் தகவல் போய்ச் சேரவில்லையோ என்று அம்மா ஆரம்பித்தாள், கடைசியில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்று முடிவு செய்ததும் அவள்தான். எனக்கு நம்பவே முடியவில்லை. அப்பாவின் கூட்டாளிகள் என்றாலே அவளுக்கு ஆகாது, "ஊருக்கெல்லாம் சொந்தக்காரர், வீட்டுக்கு விருந்தாளி" என்று அவர் காதுபடவே சொல்லுவாள்.

அப்படித்தான் இன்று காலை மதுரையில் செங்கோட்டை வண்டி ஏறினோம். ரயில்வே குடும்பம் என்பதால் பாஸ் வாங்கலாம், அம்மா வேண்டாம் என்றுவிட்டாள், டிக்கெட் எடுத்துத்தான் வந்தாள். கடைசிப் பெட்டியில் கார்டு ஒரு சின்னப் பெண். 2022-இல் இவர்கள் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அன்றைக்குப் பேப்பரைப் பார்த்துவிட்டு அப்பா, "ரிட்டயர் ஆகிப் பன்னிரண்டு வருஷம் கழிச்சு எனக்குப் பிரமோஷன் குடுத்திருக்கான்" என்று தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பெண்ணிடம் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு பைதான் இருந்தது. அப்பா காலத்தில் கார்டுக்குக் கறுப்பு இரும்புப் பெட்டி, லைன் பாக்ஸ் என்பார்கள், தூக்கி ஏற்றவே போர்ட்டர் வேண்டும். கொடி, கை விளக்கு, ஆபத்து நேரத்தில் தண்டவாளத்தில் வைக்கிற பட்டாசு எல்லாம் அதற்குள் இருக்கும், கூடவே அவர் சாப்பாட்டுக்கான அரிசியும் பருப்பும் துணியில் முடிந்து கிடக்கும். டூட்டிக்கு நடுவில் தங்கி ஓய்வெடுக்கிற ரன்னிங் ரூமில் சமையல்காரர் இருப்பார், அப்போதெல்லாம் சாமான் நாம்தான் கொடுக்க வேண்டும்.

விருதுநகர் தாண்டும்போது சிரிப்பு வந்துவிட்டது. நான் காதலித்த விஷயத்தை முதலில் அப்பாவிடம்தான் சொன்னேன், பையன் விருதுநகர். ம் என்று கேட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனவர் மூன்றாம் நாள் திரும்பி வந்து சொன்னது: "விசாரிச்சிட்டேன் பிள்ள. பையன் பரவாயில்ல. அவங்கப்பாதான் கொஞ்சம் அறுவை." ஸ்டேஷன் கேன்டீனில் தொடங்கிப் புக்கிங் ஆபீஸ் வரை விசாரணை நடந்திருக்கிறது. மாமனார் விஷயத்தில் அவர் கணிப்பு ரொம்பச் சரி. (மாமா இதைப் படிக்கமாட்டார்.)

சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், அப்புறம் பாம்பக்கோவில் சந்தை. இந்த லைனில் எனக்குப் பிடித்த ஸ்டேஷன் பெயர் அது. கடையநல்லூர் தாண்டியதும் மலை கிட்டே வந்துவிட்டது, தென்காசியில் ஜன்னல் வழியாகச் சாரல். குற்றாலம் சீசன், பாதி வண்டி அங்கேயே இறங்கிவிட்டது.

செங்கோட்டையில் முதல் வீடு, அப்பாவோடு, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்த மாமா வீடு. அப்பா வேலைக்குச் சேர்ந்ததே இங்கேதான், பரீட்சை எழுதிக் கார்டானது பிற்பாடு. மாமா மதுரைக்கே வந்து அழுதுவிட்டுப் போனவர், அதனால் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. பேசியது அவர் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். பத்தாவது ரிசல்ட் மாலைப் பேப்பரில் நம்பர் நம்பராக வரும் காலம் அது. பேப்பர் இந்தப் பக்கம் வந்து சேர இருட்டிவிடும், அதனால் அப்பாதான் வண்டியில் கொண்டுவந்து லைன் நெடுகக் கொடுப்பாராம். அன்றைக்கு ஸ்டேஷனில் காத்திருந்த பிள்ளைகளிடம் வெறுங்கையை விரித்து, பேப்பர் தீர்ந்துபோச்சு, நாளைக்குக் கொண்டாறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்காவின் நம்பர் அதில் இல்லை. மறுநாள் காலை பேப்பரோடு செப்டம்பர் பரீட்சைக்கு எப்படி எழுதிப் போடுவது என்று விசாரித்துக்கொண்டு வந்தாராம். "கணக்குல மட்டும்தாம்மா போச்சு. ஆனா ஒரு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன்ல" என்றாள் அக்கா. மற்றப் பிள்ளைகளெல்லாம் அந்த ராத்திரி என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

ராத்திரி புரோட்டாவும் கோழியும். அம்மா இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிறு, தென்மலை போய்த் திரும்பி

இந்த மலைப்பாதையைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், நானும் நிறுத்தப் போவதில்லை.

செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. 1904-இல் திறந்த பாதை. அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பரில்தான் இந்தப் பக்கம் வந்தது, அதனால் இங்கே பழைய ஆட்களுக்கு இரண்டு பாஷையும் கலந்துதான் வரும். மீட்டர் கேஜ் நாளில் ஏற்றத்துக்கு முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் தள்ளுவதற்கு ஒரு இன்ஜின். பின்னால் இன்ஜின் தள்ளும்போது கார்டு வண்டியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், "மாமியார் பின்னாலயே வர்ற மாதிரி இருக்கும்" என்பார், அம்மா முறைப்பாள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் டோக்கன் வாங்கினால்தான் வண்டி நகரும், சில இடத்தில் நிற்காமலே வளையத்தோடு கைக்குக் கை மாற்றிக்கொண்டு போவார்கள். 2010-இல் அகலப்பாதைக்காக இதை மூடினார்கள். அப்பா ரிட்டயர் ஆனதும் அதே வருஷம். திரும்பி முழுசாக வண்டி ஓடியது 2018-இல், அப்போது அப்பா என்னைக் கூட்டிக்கொண்டுதான் போனார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சில் நான் ஜன்னலுக்கு வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை.

இன்று பார்த்தேன். பகவதிபுரம் கழிந்து குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தின, பெரியவர்களும் கத்தினார்கள், ஆரியங்காவு பக்கம் வெளியே வந்தால் மழை. அந்தப் பக்கம் தூறல், இந்தப் பக்கம் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. கழுதுருட்டி கிட்ட பதின்மூன்று கண் பாலம் வருகிறது, கருங்கல் கட்டுமானம், ரயிலில் போகிறவனுக்கு அது தெரியாது, கீழே ரோட்டில் போகிறவன்தான் அழகைப் பார்ப்பான் என்று அப்பா குறைப்படுவார். திரும்பும்போது பஸ்ஸில் வந்ததால் எங்களுக்கு இரண்டும் கிடைத்தது.

தென்மலை டீக்கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை, "மதுரை கார்டு" என்றதும் ஒருவர் கூடவே வந்து விட்டார். கடைக்காரச் சேட்டனுக்கு வயதாகிவிட்டது, மகன்தான் டீ ஆற்றுகிறான். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, செங்கோட்டைக்காரர் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களை உட்காரவைத்து, உள்ளே போய், ரொம்ப நேரம் கழித்து ஒரு கவரோடு வந்தார். பெரிய மகளை நர்ஸ் படிப்புக்குச் சேர்த்தபோது அப்பா கொடுத்த பணமாம். பல தடவை திருப்பிக் கொடுக்கப் பார்த்தும் அவர் வாங்கவில்லையாம், "டீயில கழிச்சுக்கோ" என்றாராம். "எத்தர சாய குடிச்சாலும் அது தீருமோ?" என்று சேட்டன் கேட்டார். அந்த மகள் இப்போது மஸ்கட்டில்.

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது, வேண்டாம் சேட்டா என்று கையை எடுத்தேன். அம்மா கவரை வாங்கிக்கொண்டாள். வாங்கினதோடு இல்லை, அங்கேயே எண்ணியும் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது ஏன்ம்மா என்று கேட்டதற்கு, "அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்தியா? வாங்கலைன்னா அவரு நிம்மதியாச் சாவ முடியுமா? உங்கப்பாவுக்குக் குடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது, அதுவும் ஒரு திமிருதான்" என்றாள். நான் அப்படி யோசித்ததே இல்லை. கொடுத்த வருஷம் எது என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த வருஷம்தான் அவளுடைய வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது.

திங்கள், கல்லிடைக்குறிச்சி

தென்காசியிலிருந்து நெல்லை வண்டி. பாவூர்சத்திரம், கீழக்கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வயலும் வாழையுமாக வருகிறது. இந்த லைனைப் பற்றி அப்பா அதிகம் பேசமாட்டார், பேசாததற்குக் காரணம் கல்லிடைக்குறிச்சியில் தெரிந்தது.

"கல்லிடை – சீட்டு" என்பவர் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். அப்பள வாசனை அடிக்கிற ஒரு தெருவில் வீடு. அவர் சாவுக்கும் வரவில்லை, போனும் செய்யவில்லை. தகவல் தெரியுமா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தெரியும். வரக் கூடாதுன்னுதான் வரல" என்றார். காபி வந்தது. அப்புறம் அவர் பேசியதை அப்படியே எழுதினால் இங்கே போடமுடியாது.

விஷயம் இதுதான். ரன்னிங் ரூமிலும் ஓய்வு நாளிலும் இவர்கள் நான்கு பேர் இருபத்தெட்டு ஆடுவார்கள். தெரியாதவர்களுக்கு: அதில் ராஜாவும் ராணியும் சும்மா, ஜாக்கிக்குத்தான் மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மொத்தம் கூட்டினால் இருபத்தெட்டு. ஏலம் கேட்டு ஜெயித்தவன் துருப்பைக் கவிழ்த்து வைப்பான். எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் கூட்டு, அவர்களுக்குள் கையில் என்ன இருக்கிறது என்று சைகை காட்டுவதுதான் பெரிய குற்றம். அப்பாவும் அவர் கூட்டாளியும் வருஷக்கணக்காக ஜெயித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒருநாள் அந்தக் கூட்டாளி ஒரு கல்யாண வீட்டில் உளறிவிட்டார்: அப்பா விசில் கயிற்றை விரலில் சுற்றினால் ஜாக்கி இருக்கிறது என்று அர்த்தம், எத்தனை சுற்றோ அத்தனை ஜாக்கி.

"விசில்! கவர்மெண்டு குடுத்த விசில்!" என்றார் அவர். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் முகம் சிவந்துவிட்டது. அதற்கப்புறம் பேச்சே கிடையாது. அப்பா இரண்டு தடவை வந்து வாசலில் நின்றிருக்கிறார், இவர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. மாசியிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். கள்ள ஆட்டம் ஆடுகிற, மாட்டிக்கொண்ட, கூசாமல் வாசலில் வந்து நிற்கிற எங்கப்பா. சிரித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கோபப்படுவார் என்று நினைத்தேன், "அப்படியே அந்தத் திருட்டுச் சிரிப்பு" என்றார். அம்மா நிதானமாக, "நீங்க பரவாயில்லைண்ணாச்சி. என்கூடத் தாயம் ஆடினாலே கள்ளத் தாயம்தான் போடுவாரு" என்றாள்.

அதற்கப்புறம் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். கிளம்பும்போது அப்பளக் கட்டு இரண்டு. ஒன்று எங்களுக்கு, இன்னொன்று யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தலைத் திவசம் எப்போது வருகிறது என்று தேதியை மட்டும் காலண்டரில் குறித்துக்கொண்டார்.

பிறகு காருக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலி. காருக்குறிச்சியில் வண்டி நின்றால் அப்பா நாகஸ்வரம் வாசிக்கிற மாதிரி கையை வைத்துக்கொள்வார், அருணாசலம் ஊர் என்பதால். அவருக்கு ஒரு ராகமும் தெரியாது.

செவ்வாய், திருநெல்வேலி

செவ்வாய்க்கிழமை துக்கம் சொல்லப் போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் இன்று யார் வீட்டுக்கும் போகவில்லை. குறுக்குத்துறையில் குளித்தோம், அல்வா வாங்கினோம், மதுரைக்கு வந்து துணி துவைத்தோம். இருட்டுகிற நேரத்தில் மாடியில் கொடியில் துணி போடும்போது அம்மா, அந்தச் சேட்டன் கொடுத்த பணத்தை ரன்னிங் ரூம் சமையல்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள், அவர் சம்சாரத்துக்கு முடியவில்லையாம். திமிர் என்று சொன்னாயே என்றேன். "அது வேற" என்றாள்.

புதன், தங்கச்சிமடம்

ராமேஸ்வரம் வண்டி. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் எல்லாம் வெயில். அப்பா அதிக வருஷம் ஓடியது இந்த லைனில்தான், 2007-இல் அகலப்பாதையாக மாறும் வரை மீட்டர் கேஜ் வண்டியில்.

மண்டபம் தாண்டினதும் வண்டியில் எல்லாரும் எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த பாம்பன் புதுப் பாலம். நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலம், கப்பல் வந்தால் அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். பக்கத்திலேயே 1914-ஆம் வருஷத்துப் பழைய பாலம் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நெம்பி நெம்பித்தான் திறப்பார்கள், இரண்டு கையைத் தூக்குகிற மாதிரி பிளந்துகொண்டு மேலே போகும். 2022 டிசம்பரில் அதில் வண்டியை நிறுத்தினார்கள். அதிலிருந்து அப்பா புதுப் பாலத்துக்காகக் காத்திருந்தார், சோதனை ஓட்டம் நடந்த வீடியோ ஒவ்வொன்றையும் எனக்கு அனுப்புவார், காலையில் ஒரு தடவை, மறந்துபோய் மத்தியானம் ஒரு தடவை. மாசியில் போய்விட்டார், சித்திரை பிறக்கும் முன்னே பாலம் திறந்தாகிவிட்டது. போனால் போகிறது, அவருக்கு உண்மையில் பிடித்தது பழைய பாலம்தான் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

காற்று மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் பழைய பாலத்தில் சிக்னல் விழாது, வண்டி கரையிலேயே நிற்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி பாசஞ்சரைக் கடல் கொண்டுபோனதை இந்த லைனில் வேலை பார்த்த யாரும் மறந்ததில்லை, அதனால் காற்று என்றால் ஒருவரும் முணுமுணுக்காமல் காத்திருப்பார்களாம். அப்படி நின்ற நாட்களில்தான் "தங்கச்சிமடம் – பாலம்" பழக்கமாகியிருக்கிறார், பாலத்தைத் திறந்து மூடுகிற கேங்கில் இருந்தவர்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தமும் கோயிலும் அம்மாவுக்காக. இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, ஈரம் காய்ந்து, பஸ் பிடித்துத் தங்கச்சிமடத்தில் இறங்கியபோது மத்தியானம்.

வாசலில் மாதா படம், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர். அம்மாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, பின்னாலேயே எட்டிப் பார்த்தார். "எங்கம்மா அவன்? பாலம் திறந்து இம்புட்டு நாளாச்சு, மொத வண்டியிலயே வந்திருவான்னு பாத்தேன். போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கிறான்."

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். அம்மாவுக்கு வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அவரே எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, அம்மாவின் நெற்றியைப் பார்த்து, உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திட்ட ஆரம்பித்தார். எங்களைத்தான். மாசியில் நடந்ததை ஆனியில் வந்து சொல்கிறீர்களே, நான் என்ன செத்தா போனேன், ஒரு தபால் கார்டு போட்டிருந்தால் தவழ்ந்தாவது வந்திருக்கமாட்டேனா என்று. நியாயமான திட்டு. வாங்கிக்கொண்டோம்.

திட்டி முடித்ததும் பேரனைக் கூப்பிட்டு மீன் வாங்க அனுப்பினார். வேண்டாம்ண்ணே, நாங்கள் கிளம்ப வேண்டும் என்று அம்மா சொன்னது எடுபடவில்லை. "அவன் வந்தாச் சாப்பிடாமப் போவானா? வெள்ளிக்கிழமை டூட்டின்னா நேரா இங்கதான். எங்களுக்கு வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மீனுதான். நகரை மீன் கிடைச்சா எட்டுத் துண்டு திம்பான்."

அம்மா முகம் மாறியது. "வெள்ளிக்கிழமையா?"

"ஆமா, வாராவாரம்."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விரதம். கல்யாணமான நாளிலிருந்து. வெள்ளிக்கிழமை டூட்டி விழுந்தால் அம்மா தனியாக எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுப்பாள், வெளியே எங்கேயும் கை நனைக்கக் கூடாது என்று. "அந்த எலுமிச்சைச் சோத்த என்ன பண்ணினாரு?" என்று அம்மா கேட்டாள், குரல் ஏறிவிட்டது. உள்ளேயிருந்து பெரியவரின் சம்சாரம் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளைகளுக்குக் குடுத்திருவாரு. எம் பிள்ளைக எல்லாம் அதத் தின்னுதான் வளந்துச்சு. நல்லா இருக்கும்மா உங்க கை."

அம்மா ஒன்றும் பேசவில்லை. இலை போட்டார்கள். குழம்பை ஊற்றி ஒரு வாய் வைத்தவள், "இதுக்காகத்தானா" என்று இலையைப் பார்த்தே சொன்னாள். அப்புறம் இன்னொரு துண்டு கேட்டாள். சாயங்கால வண்டிக்கு நேரமாகிறது என்று நான் நினைவுபடுத்தினேன், அவள் புளி எவ்வளவு கரைத்தீர்கள் என்று அந்த அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள், "ராத்திரி வண்டி இருக்குல்ல, அதுல போவோம், சும்மா இரு" என்றாள்.